38 ஆண்டுகளுக்குப் பின் சக் பெர்ரி

வணக்கம் நேயர்களே. 2016 அக்டோபர் 18 அன்று, தமது தொண்ணூறாவது பிறந்தநாளில், அமெரிக்க ராக் அண்ட் ரோல் இசையின் மூத்தவரான சக் பெர்ரி, புதிய பாடல் தொகுப்பொன்று வரவிருப்பதாக அறிவித்தார். இதற்கு முந்தைய ஸ்டுடியோ ஆல்பமான 'ராக் இட்' வெளிவந்தது 1979-இல். 'சக்' என்று பெயரிடப்பட்ட புதிய ஆல்பம் 2017 ஜூன் 9 அன்று வெளியானபோது, இடைவெளி 38 ஆண்டுகளாகியிருந்தது.

இதை மீள்வருகை என்று பலரும் எழுதினார்கள். அந்தச் சொல் எனக்கு முழுமையாக உடன்பாடில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தைத்தான் அவர் விட்டிருந்தாரே ஒழிய, மேடையை விடவில்லை. பல ஆண்டுகள் கிட்டாரும் கையுமாகத் தனியாகவே ஊர் ஊராகச் சென்று, அந்தந்த ஊரில் அமர்த்தப்பட்ட கலைஞர்களோடு ஒத்திகைகூட இல்லாமல் வாசித்துவந்தவர் அவர். 1955-இல் சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய 'மேபலீன்' தொடங்கி, அவருடைய பாடல்கள் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் அது நடந்தது. அந்த மேடைகள் சில நேரங்களில் தடுமாறியதற்கும் அதுவே காரணம் என்பேன்.

புதிய ஆல்பத்தில் கேட்பது வேறு வகையான இசை. சொந்த ஊரான செயின்ட் லூயிஸில், ப்ளூபெர்ரி ஹில் என்ற உணவகத்தின் சிறிய அரங்கில், 1996 முதல் 2014 வரை மாதந்தோறும், மொத்தத்தில் இருநூறு முறைக்கும் மேலாக அவர் வாசித்தார். அங்கே உடன் வாசித்தவர்களே இதிலும் வாசிக்கிறார்கள்: மகன் சார்லஸ் கிட்டார், மகள் இங்க்ரிட் ஹார்மோனிகா. அவர் எங்கே இழுப்பார், எங்கே சட்டென்று நிறுத்துவார் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் என்பதால், முதிர்ந்த குரலுக்கு இடம்விட்டுத் தாளம் தாங்கிப் பிடிக்கிறது.

பத்துப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 'ஜமைக்கா மூன்' என்பது 1950-களில் அவரே பாடிய 'ஹவானா மூன்' பாடலின் மறுவடிவம்; ஊர் மாறியிருக்கிறது, பெரிதாக வேறொன்றுமில்லை. 'லேடி பி. குட்' அப்படியல்ல. வாயேஜர் விண்கலங்களின் இசைத்தட்டில் இடம்பெற்று விண்வெளிக்கே போய்விட்ட, அவருடைய பழைய 'ஜானி பி. குட்' பாடலின் நாயகனை, ஊரிலேயே தங்கிவிட்ட அவன் காதலியின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. என் காதில் இன்றும் நிற்பது 'டார்லின்'. தனக்கு வயதாகிக்கொண்டே வருவதைத் தந்தை தன் மகளிடம் சொல்லும் அப்பாடலில், இங்க்ரிடும் உடன் பாடுகிறார்.

வெளியீட்டைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 2017 மார்ச் 18 அன்று காலமானார். அடுத்த சில நாட்களில் ஆல்பத்திலிருந்து முதலாவதாக வெளியிடப்பட்ட பாடல் 'பிக் பாய்ஸ்': பெரிய பையன்களின் கூட்டத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கும் ஒரு சிறுவனின் பாட்டு.