இணைப்பு போனாலும் மெயில் இருக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் இயங்கும் மெயில் செயலிகளை எழுதுவது என் தொழில். பிரவுசரில் பார்க்கும் வெப்மெயிலில் இருக்கிற நம் கடிதங்களை, இணைய இணைப்பு இல்லாத நேரத்திலும் படிக்க, தேட, பதில் எழுத வழி செய்யும் டெஸ்க்டாப் செயலி எப்படி உருவாகிறது, அதில் எந்த இடம் கஷ்டம் என்று இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

எல்லார் கையிலும் 4ஜி, 5ஜி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இணைப்பு அடியோடு போய்விட்டால்கூடச் சமாளித்துவிடலாம். அரைகுறையாக இருக்கும்போதுதான் தொல்லை. சிக்னல் கோடுகள் தெரியும், பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். நீளமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பு பொத்தானை அழுத்தினால், அது போய்ச் சேர்ந்ததா, பாதி வழியில் நின்றதா, மறுபடி எழுத வேண்டுமா, ஒன்றும் தெரியாது. வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கருத்து இதுதான்: மெயில் செயலி எந்நேரமும் நம் கணினியில் உள்ள பிரதியை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். சர்வரோடு, அதாவது நம் கடிதங்களை வைத்திருக்கும் தொலைவுக் கணினியோடு, பேசுவதெல்லாம் பின்னால் தானாக நடக்கட்டும். ஆன்லைனுக்கு ஒரு செயலியை எழுதி முடித்துவிட்டு, அப்புறம் ஆஃப்லைன் வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால் அடித்தளத்தையே தோண்டி எடுக்க வேண்டிவரும். இன்று டெஸ்க்டாப் ஆப் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, வெப்மெயில் பக்கத்தைத் தனி ஜன்னலில் காட்டுவதோடு சரி. இணைப்பு போனதும் ஜன்னல் காலியாகிவிடும். அவற்றை மெயில் செயலி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இந்த யோசனை புதிதல்ல. மெயில் செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஐமேப் என்கிற நெறிமுறையை 1986-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்தார். கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், எந்தக் கணினியிலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. 1994-இல் அவரே ஒரு ஆவணத்தில் மெயில் பார்ப்பதை மூன்று விதமாகப் பிரித்து எழுதினார். கடிதங்களை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடுவது ஒன்று. எப்போதும் இணைப்பில் இருந்தே பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது, பிரதியை எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்து, வேலையை முடித்து, மறுபடி இணைந்ததும் மாற்றங்களைச் சர்வரிடம் ஒப்படைப்பது. இன்று நாங்கள் செய்ய முயல்வது அந்த மூன்றாவது முறையைத்தான்.

2004 ஏப்ரல் 1 அன்று ஒரு ஜிபி இடத்தோடு ஜிமெயில் வந்தது. மக்கள் பிரவுசருக்குப் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தண்டர்பேர்ட் என்ற டெஸ்க்டாப் மெயில் செயலியின் முதல் பதிப்பும் வந்தது என்றாலும் காற்று மறுபக்கம்தான் வீசியது. ஆனால் பிரவுசரிலேயே ஆஃப்லைன் வேண்டும் என்ற தேவை சீக்கிரமே எழுந்தது. 2007-இல் கூகுள் கியர்ஸ் என்ற, பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் மென்பொருள் வந்தபோது, சென்னையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனம் அதைப் பயன்படுத்தி, ஆவணங்கள் எழுதும் தன் ரைட்டர் செயலியை அந்த ஆண்டே ஆஃப்லைனில் ஓட வைத்தது. 2008-இல் ஜோஹோ மெயிலுக்கும் அந்த வசதி வந்தது. ஜிமெயிலுக்கு அது கிடைத்தது 2009 ஜனவரியில். கியர்ஸ் பிறகு கைவிடப்பட்டது. இன்றுள்ள ஜிமெயில் ஆஃப்லைன் 2018-இல் வந்தது, 7, 30 அல்லது 90 நாள் கடிதங்களைக் கணினியில் வைத்துக்கொள்ளும். அது நல்ல வசதிதான். ஆனால் 90 நாளுக்கு முந்தைய கடிதம் ஒன்று அவசரமாகத் தேவைப்படும்போது அது கைகொடுக்காது. பிரவுசரின் சேமிப்பைத் துடைத்தால் எல்லாம் போய்விடும். டெஸ்க்டாப் செயலிக்கு அந்த எல்லைகள் கிடையாது, வட்டில் இடம் இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம்.

சரி, அனுப்பு பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். முதலில் கடிதம் முழுவதும் வட்டில் எழுதப்பட வேண்டும். எழுதி முடிந்தது என்று உறுதியான பிறகே எழுதும் ஜன்னலை மூட வேண்டும். அந்த நொடியில் மின்சாரம் போனாலும் கடிதம் அவுட்பாக்ஸில் இருக்கும். அதற்கென ஒரு தனி அடையாளக் குறியீட்டையும் அப்போதே செயலி கொடுத்துவிடும். இணைப்பு வந்ததும் எஸ்எம்டிபி என்ற, மெயில் அனுப்புவதற்கான நெறிமுறை வழியாகக் கடிதம் சர்வருக்குப் போகும். கடைசியில் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் அனுப்பினால் கடிதம் முடிந்தது என்று பொருள். சர்வர் அதற்கு 250 என்ற எண்ணில் தொடங்கும் பதிலைத் தரும். பதிவுத் தபாலுக்கு வரும் ஒப்புகை அட்டை மாதிரி.

புள்ளி போய்ச் சேர்ந்து, 250 திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்தால்? சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டதா இல்லையா என்று செயலிக்குத் தெரிய வழியே இல்லை. இந்தச் சிக்கலைப் பற்றி 1988-இலேயே கிரெய்க் பார்ட்ரிட்ஜ் என்ற கணினி அறிஞர் எழுதியிருக்கிறார். இன்றும் அது அடியோடு தீரவில்லை. செயலிக்கு இரண்டே வழி: மறுபடி அனுப்பினால் ஒரே கடிதம் இரண்டு முறை போகலாம், அனுப்பாமல் விட்டால் போகாமலே இருந்துவிடலாம். நான் மறுபடி அனுப்பும் பக்கம்தான் நிற்பேன். இரண்டு முறை வந்த கடிதம் சின்னத் தொந்தரவு, வராத கடிதம் ஒருவரின் வாய்ப்பையே பறித்துவிடும். ஆனால் மறுபடி அனுப்பும்போது பழைய அடையாளக் குறியீட்டை மாற்றாமல் அப்படியே அனுப்ப வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்று என்று அந்தப் பக்கம் கண்டுகொள்ள வாய்ப்பிருக்கும்.

அடுத்தது, இணைப்பு இல்லாதபோது செய்த மற்ற வேலைகள்: படித்தது, அழித்தது, வேறு கோப்புறைக்கு மாற்றியது. இவையெல்லாம் ஒரு வரிசையில் காத்திருக்கும். ஐமேப்பில் ஒவ்வொரு கோப்புறையிலும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண் உண்டு. அதோடு, கோப்புறைக்கே ஒரு செல்லுபடி எண்ணும் உண்டு. சர்வர் அந்தச் செல்லுபடி எண்ணை மாற்றிவிட்டால், நாம் வைத்திருக்கும் கடித எண்கள் எல்லாம் வீண். இதைப் பார்க்காமல் வரிசையில் நின்ற கட்டளைகளை அனுப்பினால், 412-ஆம் கடிதத்தை அழி என்பது இப்போது அந்த எண்ணில் இருக்கும் வேறு யாருடைய கடிதத்தையோ அழித்துவிடும். ஆகவே அழிக்கும் கட்டளை எதையும் இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் அனுப்பக் கூடாது. கடிதத்தை இடம் மாற்றுவதற்கு ஐமேப்பில் ஒரே கட்டளை வந்ததே 2013-இல்தான். அதை ஆதரிக்காத சர்வரில் நகலெடுத்து, பழையதை அழிக்கக் குறித்து, பிறகு நீக்க வேண்டும். நடுவில் இணைப்பு போனால் இரண்டு இடத்திலும் கடிதம் நிற்கும்.

வரைவுக் கடிதங்கள் தனிக் கதை. ஐமேப்பில் சர்வரில் உள்ள கடிதத்தைத் திருத்த முடியாது. புதிதாக ஒன்றைப் போட்டுப் பழையதை எடுக்கத்தான் முடியும். ஒரே வரைவை அலுவலகக் கணினியிலும், ஆஃப்லைனில் இருந்த மடிக்கணினியிலும் திருத்தியிருந்தால் இரண்டையுமே வைத்துக்கொள்ள வேண்டும். எது சரி என்று முடிவு செய்யும் உரிமை எழுதியவருக்கே உண்டு, செயலிக்குக் கிடையாது.

தமிழில் கடிதம் எழுதுகிற நமக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. ஆஃப்லைனில் தேட வேண்டுமானால் தேடல் அட்டவணையும் கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும். இதற்குப் பலரும் எடுப்பது எஸ்க்யூலைட் தரவுத்தளத்தையும் அதனுடன் வரும் எஃப்டிஎஸ்5 தேடல் பகுதியையும். இயல்பாக அது எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் வேறு இரண்டு குறி வகைகளில் வருவதால், அவற்றை வெறும் இடைவெளியாக நினைத்துவிடும். கடல் என்று தேடினால் கடலையும் வரும், கடலூரும் வரும், ஏனென்றால் மூன்றிலும் முதல் சொல்லாக அதன் கண்ணுக்குத் தெரிவது க, ட, ல என்ற எழுத்துகளே. அந்த இரண்டு குறி வகைகளையும் சொல்லோடு சேர்த்துக்கொள் என்று அமைப்பில் ஒரு வரி எழுதினால் போதும், சரியாகிவிடும். ஆனால் தமிழில் தேடிப் பார்க்காத எவருக்கும் அந்த வரி தேவை என்றே தோன்றாது. கல்லூரியில் இதைப் படிக்கும் இளைஞர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், திறந்த மூல மெயில் செயலி ஒன்றை எடுத்துத் தமிழ்க் கடிதங்களை நிரப்பித் தேடிப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள். அவ்வளவு பயனுள்ள முதல் பங்களிப்பு வேறு இருக்காது என்று நினைக்கிறேன்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிட வேண்டும். கடிதம் கணினியில் இருக்கிறது என்றால் கணினியைத் திருடியவர் கையிலும் இருக்கிறது. ஆகவே கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி வட்டைக் குறியாக்கம் செய்து வையுங்கள். பலர் பயன்படுத்தும் கணினியில் ஆஃப்லைன் வசதியைப் போடவே வேண்டாம்.

சோதனைக்கு நான் நம்புவது ஒரே முறையைத்தான். ஒவ்வொரு படியிலும் இணைப்பைத் துண்டிப்பது: கடிதம் பாதி போனபோது, புள்ளி போனபிறகு, நகல் எடுத்தபின் நீக்குவதற்கு முன். ஒவ்வொரு முறையும் செயலியை மூடித் திறந்து, ஒரு கடிதமாவது குறைகிறதா என்று எண்ணிப் பார்ப்பது. எண்ணிக்கை குறையாத வரையில்தான் அந்தப் பதிப்பை வெளியிட நான் சம்மதிப்பேன்.

பேச வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.