நம் பக்கத்துப் பேச்சையும் சந்தேகப்படுவோம்

நேயர்களுக்கு வணக்கம்.

தேவாரத்துக்குப் பக்கத்தில் பொட்டிப்புரம் என்று ஓர் ஊர். அதை ஒட்டி அம்பரப்பர் மலை. நியூட்ரினோ என்கிற நுண்துகளை ஆராயும் ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்த மலை அது. அங்கிருந்து தெற்கே கம்பம், கூடலூர் தாண்டி மலையேறினால் குமுளி. அதற்கும் அப்பால், கேரள மண்ணில் நின்று தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தருகிற முல்லைப் பெரியாறு அணை. ஒரே மலைத்தொடரில் இரண்டு தகராறு. இரண்டுமே உச்ச நீதிமன்றம் வரை போனவை. இரண்டிலும் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் கட்சிக்காரர்களும் மாறி மாறிப் பேசினார்கள். நடுவில் கேட்டுக்கொண்டிருந்த நாம் யாரை நம்பினோம், எதை வைத்து நம்பினோம் என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

அணை விஷயத்தில் நாம் சொன்னது என்ன? "நிபுணர் குழு பார்த்தாச்சு, அணை பலமா இருக்கு, கோர்ட்டும் சொல்லியாச்சு, அப்புறம் என்ன பயம்?" நியூட்ரினோவில் சொன்னது என்ன? "விஞ்ஞானிக அப்படித்தான் சொல்வாங்க, அவங்களை நம்பவா முடியும்?" ஒரே டீக்கடையில் ஒரே ஆள் இரண்டையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அணையைப் பொறுத்தவரை மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், இது அப்படியே தலைகீழ். அங்கே நிபுணர் குழுவை நம்பவில்லை, தங்கள் அரசு கேட்டு வாங்கிய ஐஐடி அறிக்கையை நம்பினார்கள். காய் வாங்கும்போது ஒரு எடைக்கல், விற்கும்போது ஒரு எடைக்கல் வைத்திருக்கும் ஏலக்காய் வியாபாரியை நாம் சும்மா விடுவோமா? நம்பிக்கையிலும் சந்தேகத்திலும் மட்டும் ஏன் இரண்டு எடைக்கல்லை விட்டுவைத்திருக்கிறோம்?

நான் பல வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். அதனால் நியூட்ரினோவிலிருந்தே தொடங்குகிறேன்.

சூரியனிலிருந்து நியூட்ரினோ துகள்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில், அதாவது உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில், ஒரு நொடிக்குச் சுமார் 6,500 கோடி. இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் உடம்பு வழியாகவும் போகின்றன, பூமிக்குள் புகுந்து மறுபக்கமும் போகின்றன. எதிலும் மோதாமல் போவதுதான் அவற்றின் குணம். அதனால்தான் பிடிப்பது அவ்வளவு கஷ்டம். வானத்திலிருந்து வரும் மற்றத் துகள்களைத் தடுத்து நிறுத்த, தலைக்கு மேலும் சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கெட்டிப் பாறை வேண்டும். அம்பரப்பர் மலையின் பாறை அதற்காகத்தான் பிடித்துப்போனது. சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, உள்ளே 50,000 டன் காந்தமூட்டிய இரும்பை அடுக்கி, காற்று மண்டலத்தில் பிறந்து மேலிருந்தும் கீழிருந்தும் வருகிற நியூட்ரினோவை எண்ணுவது திட்டம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1965-இல் கோலார் தங்கவயலில், இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடம் பிடிபட்டது. உலகத்திலேயே முதலில் பிடித்தவர்களில் அங்கிருந்த விஞ்ஞானிகளும் சேர்த்தி. அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் போன நம் ஜனங்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். அவர்களைச் சாகடித்தது பாறை வெடிப்பும் நுரையீரலில் படிந்த கல்தூசியும். நியூட்ரினோ ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் இங்கே என்ன பேச்சு பரவியது? கதிர்வீச்சு வரும், பயிர் கருகும், அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டத்தான் குகை தோண்டுகிறார்கள் என்று. என்னிடம் படித்த பையனின் அப்பா, மானாவாரி விவசாயி, என்னைத் தேடி வந்து கேட்டார்: "சார், இது வெடிச்சா கம்பம் வரைக்கும் போயிருமா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவரிடம் வேறு யாரும் வந்து எதையும் சொல்லவில்லை. வெடிக்க அதில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அப்புறம் அவர் கேட்ட அடுத்த கேள்விதான் சரியான கேள்வி: "அப்ப மலையைக் குடைய வைக்கிற வெடி?"

பாருங்கள், அதுதான் விஷயம். லட்சக்கணக்கான டன் பாறையை வெடிவைத்து எடுக்க வேண்டும். அந்தக் கல் எங்கே போகும், லாரி எந்த வழியாக ஓடும், தூசி எந்தத் தோட்டத்தில் விழும், ஊற்றுக்கண் என்னவாகும், மலைமாடு மேய்க்கிறவர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நோபல் பரிசு பெற்றவரின் பதில் தேவையில்லை. மேய்ச்சல்காரரும் காட்டிலாகா வாட்சரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசவேண்டிய கேள்விகள் இவை. திட்டத்துக்காகப் பேசியவர்களில் பலர் செய்த பெரிய பிழை, கதிர்வீச்சுப் புரளியைக் காட்டி, இந்த நியாயமான கேள்விகளையும் சேர்த்து அறியாமை என்று தள்ளியது. எதிர்த்தவர்களில் பலர் செய்த பிழை, நியாயமான கேள்வி கையில் இருக்கும்போதே புரளியைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இத்திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. எதற்காக என்று நினைக்கிறீர்கள்? கதிர்வீச்சுக்காக அல்ல. கேரளாவில் இருக்கும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்படியிருந்தால் திட்டத்தை இன்னும் கண்டிப்பான பிரிவில் வைத்துப் பரிசீலித்திருக்க வேண்டும், அப்படிச் செய்யவில்லை. சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அந்த வேலைக்கு வேண்டிய அங்கீகாரம் இல்லை. இவைதான் காரணம். வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் தெரிந்துவிடுகிற தூரம்! அத்தனை வருடம் மேடை போட்டுக் கத்திய புரளி சாதிக்காததை, ஒரு தூர அளவும் ஒரு சான்றிதழும் சாதித்தன. ஒரு வருடம் கழித்து, தனி நேர்வாகக் கருதி, நிபந்தனைகளோடு மத்திய அமைச்சகம் மறுபடி அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகள் நடமாடும் வழி, மேற்குத் தொடர்ச்சி மலை என்று காரணம் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. என் கருத்தைக் கேட்டால், அந்த அறிவியல் நல்ல அறிவியல், அதைக் கொண்டுவந்த முறை மோசமான முறை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்குத் தெம்பு வேண்டும்.

இப்போது அணைக்கு வருகிறேன். நம் பக்கம் கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1895-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை. நம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும், கீழே ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்துக்கும் அதுதான் உயிர். வீட்டுக்கு வீடு அவர் படம் மாட்டியிருப்பதில் எனக்கும் பெருமைதான். 1979-இல் குஜராத்தில் மோர்பி அணை உடைந்து பேரழிவு நடந்தது. அதே வருடம் இங்கே நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். பிறகு மேலே கான்கிரீட் மூடி, உடம்புக்குள் கம்பி நங்கூரம், பின்புறம் கான்கிரீட் முட்டு என்று பலப்படுத்தினார்கள். 2006-இல் 142 அடி வைத்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். கேரளா சட்டம் போட்டுத் தடுத்தது. 2014-இல் அந்தச் சட்டமும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதற்கு முன்பே நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு, வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம் மூன்றிலும் அணை பத்திரம் என்று 2012-இல் அறிக்கை கொடுத்திருந்தது. இந்த அறிக்கை எனக்கு நம்பிக்கை தருகிறது. சோதித்துப் பார்த்து எழுதியது.

ஆனால் 2012-இல் பத்திரம் என்பது எல்லாக் காலத்துக்கும் எழுதிக்கொடுத்த பட்டா ஆகாது. சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது சுட்ட செங்கல் தூளும், போட்டுக் கட்டிய அணை. கசிகிற தண்ணீரோடு சுண்ணாம்பு கரைந்து போகிறது என்பது கேரளாவின் வாதம். கல்கட்டு அணை என்றால் கொஞ்சம் கசியும். கசிவதே ஆபத்து என்று சொல்கிறவர் அணையைப் பற்றித் தெரியாதவர். நாம் கேட்கவேண்டியது வேறு. 130 அடியில் இருக்கும்போது கசிவு எவ்வளவு, 142-இல் எவ்வளவு, அதே 142-இல் ஐந்து வருடம் முன்பு எவ்வளவு, வருகிற தண்ணீர் தெளிவா கலங்கலா, அதில் சுண்ணாம்பு எவ்வளவு? கண்காணிப்புக் குழு வந்துபோகும். பக்கத்தில் இருக்கும் சின்ன பேபி அணை, அணைக்குள் போகிற கேலரி என்ற நடைவழி, மதகு எல்லாம் பார்க்கும். மறுநாள் நாம் படிப்பது "கசிவு நீர் அளவு சரியாக உள்ளது" என்ற ஒற்றை வரி. எப்போதாவது ஓர் எண் வரும், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய எண்கள் கூடவே வராது. நியூட்ரினோக்காரர்களிடம் காகிதத்தைக் காட்டு என்று கேட்ட நாம், நம் நீர்வளத்துறையிடம் இந்த அட்டவணையைக் காட்டு என்று கேட்டோமா? அணை பலமாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும். எண்கள் நன்றாக இருந்தால் அதைவிட நல்ல வக்கீல் நமக்கு யார்?

இன்னொன்று. அணைக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாம் மலையாளிகள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், போய்ப் பாருங்கள். என் அத்தை ஒருத்தி அங்கே கொழுந்து கிள்ளியே காலத்தைக் கழித்தவர். ஆனி ஆடி மழையில் ரேஷன் கார்டு, பேத்தியின் சர்டிபிகேட், பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டி வைத்திருப்பார். "அத்தே, அணை ஒடையாது, நல்லா இருக்கு" என்றேன். "ஒடையாதுன்னு நீ சொல்லு. ஒடைஞ்சா எந்தப் பக்கம் ஓடணும்னு ஒருத்தரும் சொல்லலியேய்யா" என்றார். 2011 டிசம்பரில் எல்லையில் கலவரம் வந்து, கம்பத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போன பெண்கள் கூலி இழந்தபோதும், இரண்டு மாநிலத் தலைவர்களில் ஒருவரும் இவர்களுக்காகப் பேசவில்லை.

இந்தப் பயத்தை விற்றுப் பிழைக்கிறவர்கள் வேறு. மழை பிடித்தால் போதும், எங்கோ ஒரு நாட்டு அணையில் மதகு திறந்த வீடியோ "முல்லைப் பெரியாறு இப்போது" என்று வாட்ஸ்அப்பில் வரும். இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்து உடையாத அணையை உடைந்ததாகவே காட்டிவிடலாம். நம் பக்கமும் சளைத்ததல்ல. அந்தப் பக்கத்துப் பயமெல்லாம் நாடகம் என்று அனுப்புகிறோம். ஒரு சின்ன சோதனை போதும். நம் அணையில் வழிந்தோடி மதகுகள் 13. வருகிற வீடியோவில் மதகை எண்ணுங்கள், சுற்றியிருக்கிற காட்டைப் பாருங்கள். பாதி வீடியோ அங்கேயே விழுந்துவிடும்.

புரளி எங்கே முளைக்கிறது என்று பார்த்தால், காகிதத்தை மூடி வைக்கிற இடத்தில் முளைக்கிறது. சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. அதை அந்தந்த ஊர் மொழிகளில் மாற்றி, கிராம சபைகளில் வைத்துப் பேசச் சொன்னார்கள். மத்திய அரசு அதை வெளியே விட்டது 2012 மே மாதம். அதுவும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, நீதிமன்றம் வரை போன பிறகு. அதற்குள் இடுக்கி மலையெங்கும், விவசாயிகளை வெளியேற்றப் போகிறார்கள் என்று பேச்சு. அதே மலையைப் பற்றி அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு அறிக்கைக்கு 2013-இல் கடையடைப்பு, தீவைப்பு. அறிக்கையைப் படித்து எதிர்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? படிக்கக் கொடுத்தால்தானே படிப்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் வந்தது. ஆபத்து வந்தால் என்ன செய்வது என்ற திட்டம் அணைதோறும் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். முல்லைப் பெரியாற்றுக்கு அந்தத் திட்டம் மலையாளத்திலும் தமிழிலும் அச்சாகி, வண்டிப்பெரியார், உப்புத்தறை லயங்களின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். கசிவு நீர் அட்டவணை, நீர்மட்டத்தோடு, பழைய வருடங்களோடு சேர்த்து இரண்டு மாநில மக்களும் பார்க்கிற மாதிரி மாதாமாதம் வெளிவர வேண்டும். பொட்டிப்புரம், தேவாரம், சங்கராபுரம் பக்கத்து நேயர்களே, அடுத்த கிராம சபைக்குப் போகும்போது, அம்பரப்பர் மலைத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையை முழுதாகத் தமிழில் கேளுங்கள். திட்டம் முடங்கிக் கிடக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், இன்னொரு திட்டம் அதே மலைக்கு வரும்போது அந்த அறிக்கை உங்களுக்குக் கைகொடுக்கும். கூடலூர், கம்பம் விவசாயச் சங்கத்தார் கசிவு நீர்க் கணக்கை எழுத்தில் கேட்டு மனுக் கொடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.