ஸ்டார் ட்ரெக் காமிக்ஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்? ஏற்காட்டுத் திண்ணையில இருந்து ஒரு அரட்டை

வணக்கம்ங்க. சத்தம் ஒழுங்கா கேக்கும்னு நம்பறேன். பின்னாடி ஸ்ஸ்ஸ்னு வர்றது சில்வர் ஓக் மரத்துல அடிக்கிற காத்து, அதை ஒண்ணும் பண்ண முடியாது. ஏற்காட்டுல அத்தை வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கேன். ஆனா இது ஊர் சுத்திக் காட்டற வீடியோ கிடையாது. லேடீஸ் சீட்டு, பகோடா பாயிண்ட்டு எல்லாம் ஆளாளுக்குக் காட்டியாச்சு. இன்னைக்கு நாம பேசப் போறது ஸ்டார் ட்ரெக் காமிக்ஸ். ஸ்டார் ட்ரெக்னா, கேப்டன் கிர்க், ஸ்பாக், டாக்டர் மெக்காய் எல்லாம் என்டர்பிரைஸ்ங்கற விண்கப்பல்ல கிரகம் கிரகமா போற அமெரிக்க டிவி நாடகம்.

நாடகத்தைப் பாத்து முடிச்சிட்டு, "இதுல காமிக்ஸும் இருக்காமே, எங்க ஆரம்பிக்கறது"ன்னு முழிக்கறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. இந்த காமிக்ஸ் 1967ல இருந்து வந்துட்டு இருக்குங்க. கோல்டு கீ, மார்வெல், டிசி, மாலிபு, ஐடிடபிள்யூன்னு பதிப்பகம் பதிப்பகமா உரிமம் கை மாறி மாறிப் போயிருக்கு. முதல் இதழ்ல இருந்து வரிசையா படிக்கறேன்னு கிளம்பினீங்கன்னா பாதியிலயே வெறுத்துருவீங்க.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். டிவியால முடியாத எதையாவது இந்தப் புத்தகம் செஞ்சிருக்கா? செஞ்சிருந்தா வாங்கு. டிவியில பாத்ததையே படமா வரைஞ்சு குடுத்தா, அதுக்கு நாடகத்தையே இன்னொரு தடவை பாத்துக்கலாம்ல?

டிவியால முடியாததுன்னு ஏன் சொல்றேன்னா, அந்த முதல் தொடரை 1966ல எடுக்கும்போது கையில காசு இல்ல. ஆளுங்க மினுமினுன்னு மறைஞ்சு கிரகத்துல போய் நிக்கறாங்கல்ல, அந்த டிரான்ஸ்போர்ட்டர், அது வந்ததே சிக்கனத்துக்குத்தான். வாரா வாரம் ஒரு கப்பல் தரையிறங்கறதைப் படம் புடிச்சா செலவு தாங்காதுன்னு அந்த யோசனைக்குப் போனாங்க. காமிக்ஸ்ல அந்தக் கவலையே கிடையாது. ஆயிரம் கப்பல் வேணும்னாலும், ஒரு கப்பல் வேணும்னாலும் அதே பேப்பர், அதே மசி.

சரி, ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன்னா எதை வாங்கறது? இதோ, இதை. 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. 2014ல ஐடிடபிள்யூ அஞ்சு இதழா போட்டுது, இப்ப ஒரே தொகுப்பா கிடைக்குது.

இதோட பின்கதை தெரிஞ்சா இன்னும் ருசிக்கும். இதே பேர்ல 1967 ஏப்ரல்ல டிவியில ஒரு எபிசோட் வந்துச்சு. முதல் தொடர்லயே சிறந்த எபிசோட் எதுன்னு கேட்டா பாதிப் பேரு இதைத்தான் சொல்வாங்க. எழுதினவர் ஹார்லன் எலிசன். ஆனா அவர் எழுதிக் குடுத்தது வேற, டிவியில வந்தது வேற. செலவு அதிகம், நம்ம கப்பல் ஆளுங்க இப்படி நடந்துக்க மாட்டாங்கன்னு சொல்லி பல பேரு கை வெச்சு மாத்திட்டாங்க. எலிசனுக்கு வந்த கோவம் கடைசி வரைக்கும் ஆறவே இல்ல. இதுல கூத்து என்னன்னா, மாத்தி எடுத்த எபிசோடுக்கு அறிவியல் புனைகதைக்குக் குடுக்கற ஹியூகோ விருது கிடைச்சுது, மாத்தாத மூல ஸ்கிரிப்டுக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தோட விருது கிடைச்சுது. ரெண்டு பக்கமும் ஜெயிச்ச சண்டை!

அந்த மூல ஸ்கிரிப்டைத்தான் ஸ்காட் டிப்டன், டேவிட் டிப்டன்னு ரெண்டு பேரு காமிக்ஸா மாத்தியிருக்காங்க. ஓவியம் ஜே.கே.வுட்வர்டு. கோட்டோவியம் கிடையாது, ஒவ்வொரு கட்டமும் பெயிண்டிங். எலிசன் உயிரோட இருக்கும்போதே, அவர் சம்மதத்தோட வந்த புத்தகம்.

இனி கதையைக் கொஞ்சம் சொல்லுவேன். வேண்டாம்னா ஒரு நிமிஷம் தள்ளிப் போட்டுப் பாருங்க.

டிவியில டாக்டர் மெக்காய் தெரியாம ஒரு மருந்தைத் தனக்கே ஊசியா குத்திக்கிட்டு, புத்தி பேதலிச்சு, காலத்தோட வாசல் வழியா 1930 நியூயார்க்குக்கு ஓடிருவார். அதனால வரலாறே மாறிப் போயிரும். மூலக் கதையில விபத்து கிடையாது. பெக்வித்னு ஒரு அதிகாரி, அதே கப்பல்ல இருந்துக்கிட்டே போதைப் பொருள் விக்கறான். காட்டிக் குடுக்கப் பாத்தவனைக் கொன்னுட்டுத் தப்பிச்சு ஓடறான். என்டர்பிரைஸ்ல ஒரு அயோக்கியனா? அதைத்தான் டிவிக்காரங்களால ஜீரணிக்க முடியல.

அதை விட எனக்கு முக்கியமாப் பட்டது டிரூப்பர்ங்கற ஒரு ஆளு. முதல் உலகப் போர்ல காலை இழந்துட்டு நியூயார்க் தெருவுல கிடக்கறவன். கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் உதவப் போயி செத்துப் போறான். டிவியில இவன் கிடையாது. 1930ல கிர்க் காதலிக்கற ஈடித்ங்கற பொண்ணு செத்தா உலகம் பொழைக்கும், பொழைச்சா உலகம் கெடும். அப்ப இந்தக் கால் இல்லாத மனுஷன் செத்ததுக்கு உலகத்துல என்ன மாறும்? ஒண்ணும் மாறாது. அந்த இடத்தைப் படிச்சிட்டு புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். அப்புறமாத்தான் மறுபடி எடுத்தேன்.

கடைசிக் காட்சி. டிவியில கிர்க் மெக்காயைப் புடிச்சு நிறுத்துவார், ஈடித் வண்டியில அடிபட்டுச் சாவா. கடமை ஜெயிச்சிரும். மூலத்துல கிர்க்கால அது முடியல. காதலிச்ச பொண்ணைச் சாக விட அவருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஸ்பாக்தான் தடுக்கறார். எது நல்ல முடிவு? மூணு நாலு தடவை யோசிச்சும் டிவி முடிவுதான் எனக்கு அதிகமா வலிக்குது. ஆனா கேப்டன்னா பாறை மாதிரி இருக்கணும்னு ஏன் நினைக்கறோம்னு இந்தப் புத்தகம் கேக்குது பாருங்க, அந்தக் கேள்வி விடவே மாட்டேங்குது. எபிசோடை முதல்ல பாத்துருங்க, அடுத்த நாளே இதைப் படிங்க. இடைவெளி விடாதீங்க.

இப்ப அப்படியே பழசுக்குப் போவோம். கோல்டு கீ. 1967ல தொடங்கி 1979 வரைக்கும் 61 இதழ். இதை நல்ல காமிக்ஸ்னு சொல்ல மாட்டேன், ஆனா செம ஜாலியான காமிக்ஸ்.

முதல் கதையிலயே மனுஷனைத் திங்கற செடிங்க இருக்கற ஒரு கிரகம். நம்மாளுங்க என்ன பண்றாங்க? தப்பிச்சு மேல வந்துட்டு, கிரகத்துல இருக்கற செடி கொடி மொத்தத்தையும் சுட்டுப் பொசுக்கிட்டுப் போயிடறாங்க. புது உயிர்களைத் தேடிப் போற கப்பல்ங்க இது! கப்பலோட இன்ஜின் பின்னாடி தீபாவளி ராக்கெட்டுக்கு வர்ற மாதிரி நெருப்பு வேற வருது. நாடகத்துல அப்படி எதுவுமே கிடையாது.

காரணம் இருக்கு. ஆரம்ப இதழ்கள்ல நிறைய வரைஞ்சவர் அல்பெர்டோ ஜியோலிட்டின்னு இத்தாலிக்காரர். ரோம்ல உக்காந்துக்கிட்டு, அமெரிக்காவுல இருந்து வந்த விளம்பரப் போட்டோக்களைப் பாத்து வரைஞ்சிருக்கார். நாடகத்தைப் பாத்ததே இல்ல. அப்படிப் பாத்தா, கிரகங்களையும் விலங்குகளையும் அவர் வரைஞ்சிருக்கற அழகு பிரமாதம்.

இங்க எங்க மாமாவைப் பத்திச் சொல்லியே ஆகணும். மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல இருந்தப்போ தூர்தர்ஷன்ல ஸ்டார் ட்ரெக் பாத்தவர். ஆனா அவரோட உசுரு சிவகாசியில. அங்க இருந்து வர்ற முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் எல்லாத்தையும் பீரோவுல வேப்பிலை போட்டு வெச்சிருக்கார். நேத்து ராத்திரி இந்த கோல்டு கீ தொகுப்பைப் புரட்டிட்டு, "என்னடா இது, நம்ம டெக்ஸ் வில்லர் ஆளுங்க கை மாதிரி இருக்குது"ன்னார். டெக்ஸ்னா தமிழ்லயும் வர்ற இத்தாலி கௌபாய் காமிக்ஸ் ஹீரோ. ஸ்பாக் யாருன்னு கேக்கல, குதிரை எங்கன்னுதான் கேட்டார்.

மாமா சொன்னது சும்மா இல்லங்க. ஜியோலிட்டியோட ஸ்டூடியோவுல வேலை பாத்தவர் ஜியோவான்னி டிச்சி. டெக்ஸ் கதைகளுக்கு வரைஞ்ச பெரிய கைகள்ல ஒருத்தர். தமிழ்ல டெக்ஸ் படிச்சு வளர்ந்த கண்ணுக்கு அந்தப் பாறை, அந்தப் புழுதி, முகத்துல விழற நிழல் எல்லாம் பழகினதுதான். அதனால பழைய தமிழ் காமிக்ஸ் பிரியர்களுக்கு நான் முதல்ல கையில குடுக்கறது இதைத்தான். ஐடிடபிள்யூ 2014ல இருந்து கோல்டு கீ ஆர்க்கைவ்ஸ்னு கெட்டி அட்டையில தொகுப்பா போட்டிருக்காங்க. முதல் தொகுதி போதும். எல்லாத்தையும் வாங்க வேண்டாம், பத்து கதைக்கு மேல போனா அலுத்துரும்.

மார்வெல் 1980ல எடுத்து 18 இதழ் போட்டாங்க. தாண்டிருங்க.

டிசி அப்படி இல்ல. 1984ல ஆரம்பிச்சாங்க. அதுல 'தி மிரர் யுனிவர்ஸ் சாகா'ன்னு எட்டு இதழ்ல ஒரு கதை. எழுதினவர் மைக் டபிள்யூ. பார், படம் டாம் சட்டன். தாடி வெச்ச ஸ்பாக் வர்ற எபிசோட் ஞாபகம் இருக்கா? நம்மாளுங்களே கெட்டவங்களா இருக்கற இன்னொரு உலகம் அதுல வரும். அந்தக் கெட்ட உலகம் நம்ம உலகத்து மேல படையெடுத்து வருது. டிவியில ஒரு மணி நேரத்துல நாலு செட்டுக்குள்ள முடிச்ச விஷயம், இங்க போர்க்கப்பல் போர்க்கப்பலா விரியுது.

இதுல இன்னொரு கூத்து. அப்போ மூணாவது சினிமா வந்தாச்சு, நாலாவது இன்னும் வரல. மூணாவது முடிவுல கிர்க் கப்பலைத் திருடின குற்றவாளி, ஸ்பாக்குக்குப் புத்தி இன்னும் முழுசா திரும்பல. மாசா மாசம் காமிக்ஸ் வரணுமே, என்ன பண்றது? டிசிக்காரங்க தைரியமா ஸ்பாக்கைக் குணப்படுத்தி, கிர்க் கையில எக்செல்சியர் கப்பலையும் குடுத்துட்டாங்க. 1986ல நாலாவது படம் வருது, அதுல பாத்தா கிர்க் இன்னும் ஸ்பாக்கோட ஊரான வல்கன் கிரகத்துலயே இருக்கார், ஸ்பாக் இன்னும் தேறிட்டு இருக்கார். அவ்வளவுதான், போட்ட கோட்டையெல்லாம் அழிச்சு, எல்லாரையும் பழைய இடத்துல கொண்டு போய் நிறுத்தினாங்க. அந்த அவசரம் பக்கத்துல தெரியும். சீரியல்ல நடிகர் மாறினா அவருக்குப் பதில் இவர்னு போடுவாங்கல்ல, அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது சின்னப் புத்தகம். ஜான் பைர்ன் எழுதி வரைஞ்ச 'லெனார்டு மெக்காய், ஃப்ரான்டியர் டாக்டர்', 2010. முதல் சினிமாவுல மெக்காய் திடீர்னு பெரிய தாடியோட வந்து இறங்குவார். அதுவரைக்கும் எங்க இருந்தார்? எல்லையோரக் கிரகங்கள்ல வைத்தியம் பாத்துட்டு இருந்தார்னு இந்தக் கதை சொல்லுது. சண்டை குறைவு, நோயாளிங்க அதிகம். மலை கிராமத்துக்கு டாக்டர் வந்து போறதைப் பாத்து வளர்ந்த எங்க அத்தைக்கு இங்கிலீஷ் ஓடாது. நான் சொல்லச் சொல்ல இதைத்தான் முழுசா கேட்டாங்க.

2009 சினிமா வழியா உள்ள வந்தவங்க 'கவுன்ட்டவுன்' படிங்க. நாலே இதழ். அந்தப் படத்துல நீரோன்னு ஒரு வில்லன், எதுக்கு இவ்வளவு வெறின்னே புரியாது. இதுல அவன் சுரங்கத் தொழிலாளி. தன் கிரகம் அழியப் போகுதுன்னு தெரிஞ்சு ஸ்பாக்குக்கு உதவறவனே அவன்தான். பொண்டாட்டி, வயித்துல குழந்தை எல்லாம் போன பிறகு மாறறான். இதைப் படிச்சிட்டுப் படத்தைப் பாத்தா வேற படம். முந்தின சினிமாவுல செத்துப் போன டேட்டாங்கற ரோபோ அதிகாரி இதுல உயிரோட வந்து என்டர்பிரைஸுக்கே கேப்டனா இருப்பார். 2020ல வந்த பிகார்ட் தொடர் அதெல்லாம் நடக்கவே இல்லன்னு சொல்லிருச்சு. அதனால என்ன? அதிகாரபூர்வமா இல்லையான்னு பாத்துப் பாத்துப் படிக்கறவங்களோட எனக்கு ஒத்து வராது.

டீப் ஸ்பேஸ் நைன்ங்கற பின்னாடி வந்த ஸ்டார் ட்ரெக் டிவி தொடரோட ரசிகர்களுக்கு, 2022ல தொடங்கின 'ஸ்டார் ட்ரெக்' காமிக்ஸ் தொடர். எழுதினவங்க காலின் கெல்லி, ஜாக்சன் லான்சிங். டிவியில அதோட நாயகன் சிஸ்கோ கடைசியில தெய்வங்களோட போயிருவார்ல? இதுல திரும்பி வர்றார். யாரோ தெய்வங்களைக் கொன்னுட்டு இருக்காங்க, கண்டுபிடிக்கணும். கூட டேட்டா, ஸ்காட்டி, டாம் பாரிஸ். நாலு தொடர் ஆளுங்க ஒரே கப்பல்ல. அத்தனை நடிகர்களைச் சேத்து டிவியில எடுக்க முடியுமா? ஆனா பழைய தொடர்கள் தெரியாம இதுல குதிக்காதீங்க, தலையும் புரியாது வாலும் புரியாது.

இனி மத்த கதைகளோட கலந்தது. எக்ஸ்-மென் கூட, டாக்டர் ஹூ கூட, குரங்குகளோட கிரகம் கூட, கிரீன் லேன்டர்ன் கூட எல்லாம் வந்திருக்கு. தட்டுவடை செட்டுக்கு நடுவுல ஜிலேபியை வெச்சுக் குடுத்த மாதிரி. தனித்தனியா ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். ஓசியில கிடைச்சா படிங்க.

எங்க கிடைக்கும்? சேலத்துக் கடைகள்ல தேடி அலையாதீங்க, ஆன்லைன்ல தருவிக்கறதுதான் வழி. இறக்குமதிப் புத்தகம், விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கிண்டில்ல ஐடிடபிள்யூ போட்டது நிறைய இருக்கு, அப்பப்ப தள்ளுபடியும் வரும். ஆனா 'சிட்டி' மட்டும் காகிதத்துலயே வாங்குங்க, அந்தப் பெயிண்டிங்கை ஃபோன்ல பாக்கறது பாவம். சின்னப் பசங்களுக்கு எதுன்னா, கோல்டு கீ. செடி மனுஷனைத் தின்னா அவங்க சிரிப்பாங்க.

அடுத்த வீடியோ டாக்டர் ஹூ காமிக்ஸ். அதுல பென்குயினா வர்ற ஒரு கூட்டாளி இருக்கான், ஃப்ரோபிஷர்னு பேரு. அவனுக்காகவே ஒரு வீடியோ போடலாம். மாமா கூப்பிடறார், இந்தத் தொகுப்பை அவருக்கே விட்டுட்டுப் போகணுமாம். வரேங்க.