தூங்காத ‘ஸ்லீப்பர்’: வாலில் கண் வைத்த குட்டி மீன்

[காட்சி: உள்ளங்கையில் ஓர் உளுவை மீன், வயிற்றுப்புறம் மேலாக]

ஆற்றில் உளுவை பிடித்தவர்கள் அதைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சுக்குக் கீழே இரண்டு துடுப்புகள் ஒன்றாக ஒட்டி, சின்னக் கிண்ணம் போல இருக்கும். இன்று பார்க்கப்போகும் பீக்காக் கட்ஜன் மீனுக்கு அந்தக் கிண்ணம் கிடையாது. இரண்டு துடுப்பும் தனித்தனி. உளுவைக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பங்காளிக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லீப்பர்’ என்று பெயர். பெரும்பாலானவை அடித்தரையில் செத்த கட்டை மாதிரி கிடக்கும். அதனால் வந்த பெயர்.

[காட்சி: நீல உடல், சிவப்புக் கோடுகள், மெதுவான அசைவு]

இவரைப் பாருங்கள். தரையில் படுக்கவே மாட்டார். நடு நீரில் அப்படியே மிதந்து நிற்பார். பீக்காக் கட்ஜன். அறிவியல் பெயர் டாடியுர்ண்டினா ஒசெலிகௌடா. 1955இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜான் ட்ரெட்வெல் நிக்கோல்ஸ் சூட்டியது. ஒசெலிகௌடா என்றால் வாலில் கண் உள்ளது. வால் தொடங்கும் இடத்தில் மை வைத்தது போல ஒரு பெரிய கறுப்புப் பொட்டு தெரிகிறதா? அதுதான். இந்தப் பேரினத்தில் இது ஒரே இனம், கூடப்பிறந்தவர் யாருமில்லை.

[காட்சி: நியூ கினி வரைபடம்]

நியூ கினித் தீவைப் பறவை உருவம் என்பார்கள். அந்தப் பறவையின் வால், அதாவது பப்புவா நியூ கினியின் கிழக்குப் பகுதிதான் இதன் சொந்த ஊர். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. பொபொண்டெட்டா, சஃபியா பக்கத்துத் தாழ்நில மழைக்காடுகளில் ஓடும் சிற்றோடைகளும் குட்டைகளும்தான் வீடு. பொபொண்டெட்டாவைச் சுற்றி இப்போது எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் நிறைய. இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் வாழும் மீனுக்கு ஓடைக்கரை மரம் போவது சின்ன விஷயமில்லை என்பது என் கருத்து.

சரி, குடும்பக் கதைக்கு வருவோம். ஆள் மொத்தமே 5 முதல் 7 செ.மீ.தான். ஆணுக்கு வயது ஏற ஏற நெற்றி புடைத்துக்கொள்ளும். முட்டை நிறைந்த பெண்ணுக்கு வயிறு மஞ்சளாகிவிடும்.

[காட்சி: தொட்டியில் ஒரு குறுகிய பிவிசி குழாய்]

ஆண் முதலில் ஓர் இடுக்கைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியில் என்றால் ஒடுங்கிய குழாய்த்துண்டே போதும். வாசலில் நின்று துடுப்புகளை விரித்து, உடலை நடுக்கிப் பெண்ணை உள்ளே அழைக்கும். பெண் வந்து முட்டைகளை ஒட்டுவது தரையில் அல்ல, கூரையில்! ஒவ்வொன்றும் தலைகீழாகத் தொங்கும். அம்மா கிளம்பிவிடுவார். அப்பாதான் உள்ளேயே இருந்து துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பார். புது நீர் படாவிட்டால் முட்டையில் பூஞ்சை பிடித்துவிடும்.

ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு வெளிவரும். அப்புறம் அப்பாவுக்குப் பாசமெல்லாம் கிடையாது, நீந்தும் குஞ்சு அவருக்குத் தீனிதான். அதனால் வளர்ப்பவர்கள் முன்கூட்டியே முட்டை ஒட்டிய குழாயை வேறு தொட்டிக்கு மாற்றி, பக்கத்தில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டுவிடுவார்கள். அப்பாவின் விசிறி வேலையை அந்தக் குமிழிகள் பார்த்துக்கொள்ளும்.