சட்டைப்பையில ஒரு சின்ன கத்தி போதுமா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கங்க. காலேஜ் பசங்களையும் புதுசா மலை ஏற ஆரம்பிக்கிறவங்களையும் கூட்டிட்டு மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போயிட்டு வர்றவன் நான். கிளம்புறதுக்கு முந்தின வாரம் கண்டிப்பா ஒருத்தராவது போன் போட்டு கேப்பாங்க, சார் எந்த கத்தி வாங்கட்டும்னு. ஆன்லைன்ல தேடுனா முழ நீளத்துக்கு பிளேடு, முதுகுல ரம்பப் பல்லு, கைப்பிடிக்குள்ள காம்பஸ், தொடையில கட்டிக்கிற உறைன்னு என்னென்னமோ வந்து நிக்குது, அதெல்லாம் வேணுமா, இல்ல சட்டைப்பையில போடுற மடக்குக் கத்தி, நாலஞ்சு டூல் இருக்குற சாதா மல்டிடூல், அதுவே வீட்டுக்கும் காட்டுக்கும் போதுமான்னு கேக்குறாங்க. போதும். என் பதில் அதுதான். ஏன் போதும், எங்க போதாது, எப்போ அத வெளியவே எடுக்கக் கூடாதுன்னு கொஞ்சம் விலாவாரியா பேசத்தான் வந்திருக்கேன்.

இந்த ஜாதி கத்தியில ஊரு உலகத்துக்கே தெரிஞ்சது சுவிஸ் ஆர்மி கத்தி. சுவிட்சர்லாந்துல இபாக்னு ஒரு ஊரு, அங்க கார்ல் எல்செனர்ங்கிறவர் 1884ல கத்திப் பட்டறை போட்டாரு, 1891ல அந்த நாட்டு ராணுவத்துக்கு முதல் தடவையா கத்தி செஞ்சு குடுத்தாரு, அந்தப் பட்டறைதான் இன்னைக்கு விக்டோரினாக்ஸ் கம்பெனி. அந்த சிப்பாய் கத்தியில என்ன இருந்துச்சு தெரியுமா, ஒரு பிளேடு, ஒரு குத்தூசி, ஒரு டின் ஓப்பனர், ஒரு ஸ்க்ரூடிரைவர். அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் எதுக்குன்னா சிப்பாய் கையில இருக்குற துப்பாக்கியக் கழட்டி மாட்டுறதுக்கு, டின் ஓப்பனர் அவனுக்குக் குடுக்குற டின் சாப்பாட்டத் திறக்குறதுக்கு. முதல்ல என்ன வேலைன்னு பாத்தாங்க, அப்புறம் அதுக்கு டூல் வச்சாங்க. நாம கடையில நின்னுகிட்டு இதுல முப்பது டூல் இருக்கா அதுல நாப்பது இருக்கான்னு எண்ணிட்டு இருக்கோம், வீட்டுக்கு வந்தா அதுல பாதி எதுக்குன்னே தெரியாது, மீதிப் பாதி நகம் உடையாம வெளிய வராது, பையில போட்டா கல்லு மாதிரி கனக்கும், ரெண்டு மாசத்துல அது அலமாரிக்குப் போயிடும். கையோட இல்லாத கத்தியால யாருக்கு என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

வீட்டு விஷயத்த சுருக்கமா முடிச்சிடுறேன். ஒரு நாள் பூரா நாம என்னத்த வெட்டுறோம், கூரியர் பார்சல் டேப், பால் பாக்கெட் மூலை, புதுத் துணியில தொங்குற டேக், மருந்து பாட்டில் சீல், எலுமிச்சம்பழம், கொய்யாக்கா. ரெண்டரை இன்ச் பிளேடு இதுக்கெல்லாம் தாராளம். குட்டிக் கத்தரிக்கோல் இருக்குற மாடலா பாத்து வாங்குங்க, அனுபவத்துல சொல்றேன், பிளேடவிட கத்தரிக்கோலுக்குத்தான் வேலை ஜாஸ்தி. குக்கர் கைப்பிடி ஆடுதா, சுவிஸ் கத்தியோட டின் ஓப்பனர் நுனி இருக்கு பாருங்க, அது சாதா ஸ்க்ரூவுக்கும் ஆகும், அனேகமான ஸ்டார் ஸ்க்ரூவுக்கும் ஆகும். கார்க் ஸ்க்ரூ இருக்குற மாடல்ல அதுக்குள்ளயே மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ டைட் பண்ற துளியூண்டு ஸ்க்ரூடிரைவர் ஒண்ண சொருகி வச்சுக்கலாம், தனியா கெடைக்குது, கண்ணாடி போடுறவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. கத்தியில இருக்குற எல்லாம் ஒரே மாதிரி இரும்புன்னு நினைச்சுக்குறோம். ராக்வெல்னு கடினத்துக்கு ஒரு அளவு இருக்கு, விக்டோரினாக்ஸ்ல பிளேடுக்கு 56, கத்தரிக்கோலுக்கு 53, ஸ்க்ரூடிரைவர் ஓப்பனர் குத்தூசிக்கு 52, ஸ்பிரிங்குக்கு 49ன்னு தனித்தனியா பதம் ஏத்துறாங்க. பிளேடு கெட்டியா இருந்தாத்தான் கூரு நிக்கும், ஆனா கெட்டியா இருக்குறது நெம்புனா படக்குனு உடையும். ஸ்க்ரூடிரைவருக்கு கொஞ்சம் வளைஞ்சு குடுக்குற குணம் வேணும், இல்லன்னா திருகுற வேகத்துல மூளியாயிடும். அதனால பெயிண்ட் டப்பா மூடி நெம்பணும், ஆணி நெம்பணும்னா பெரிய ஸ்க்ரூடிரைவர எடுங்க, பிளேடு முனையத் தொடாதீங்க. முனை ஒடிஞ்ச பாக்கெட் கத்தி நான் பாத்ததுல பெரும்பாலும் மூடி நெம்பி ஒடிஞ்சதுதான்.

இப்ப காட்டுக்கு வருவோம்.

வெள்ளியங்கிரி மலைக்கு ஒரு தடவ போறப்ப, அடிவாரத்துல செக்கிங்ல கத்தியக் காட்டி, கேட்டுட்டுத்தான் எடுத்துட்டுப் போனோம். ஏறுறது ராத்திரியில, அஞ்சாவது மலை தாண்டி குளிர் நல்லா ஏறுன நேரம், கூட வந்த பையனோட பேக் வார் அடித்தையலோட பிச்சுக்கிச்சு. தண்ணி, ஸ்வெட்டர், எல்லாரோட சாப்பாடும் அந்த பேக்லதான். ஒரு கையில மூங்கில் குச்சி பிடிக்கணும், இன்னொரு கையில பேக்க தூக்கிட்டு அந்தப் படியில ஏற முடியாது. குத்தூசிய எடுத்தோம். வார ரெண்டா மடிச்சு, துணி தடிமனா இருக்குற இடமா பாத்து முனைய வச்சு, அழுத்தாம இந்தப் பக்கம் அரை சுத்து அந்தப் பக்கம் அரை சுத்துன்னு திருகணும், திருகுனாத்தான் நூல் அறாம விலகி வழி விடும், ஓங்கி குத்துனா துணி கிழிஞ்சு வேலை டபுளாயிடும், மடக்குக் கத்தி கையிலயே மடங்கவும் சான்ஸ் இருக்கு. வார்ல ரெண்டு ஓட்டை, பேக் பக்கம் ரெண்டு ஓட்டை, பையில எப்பவும் வச்சிருக்குற நைலான் கயித்துல ஒரு முழம் வெட்டி குறுக்கும் நெடுக்குமா கோத்து இழுத்து முடிச்சு, முனை பிரியாம இருக்க கடைசில ஒரு குட்டி முடிச்சு. ஒருத்தர் டார்ச் பிடிக்க ஒருத்தர் குத்த, கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது, கீழ வந்து சேர்ற வரைக்கும் அந்த வார் அசையல. முழ நீளக் கத்திய வச்சுகிட்டு இந்த வேலையப் பண்ண முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க.

வெளிநாட்டு வீடியோல பெரிய கத்திய வச்சு விறகப் பிளக்குறாங்க, கொம்ப வெட்டி கூடாரம் போடுறாங்க, நெருப்பு மூட்டி சமைக்குறாங்க. அங்க அந்தந்த ஊரு சட்டம் அதுக்கு இடம் குடுக்கலாம். நம்ம பக்கம் அந்த வேலையே கிடையாதுங்க. முதுமலையோ ஆனைமலையோ களக்காடு முண்டந்துறையோ, பாதுகாக்கப்பட்ட காடு இது, கொம்பு ஒடிக்கக் கூடாது, சரணாலயத்துக்கு ஆபத்து வர்ற மாதிரி நெருப்பு மூட்டக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. 1972ல வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அதுல 31வது பிரிவு, அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட நுழையக் கூடாதுங்குது, ஆயுதம்னா எதெதுன்னு அதே சட்டம் ஒரு பட்டியல் குடுக்குது, அதுல வலை, பொறி, விஷம், துப்பாக்கியோட சேர்த்து கத்தியும் வருது. எத்தன இன்ச் கத்தின்னு எதுவும் சொல்லல. அப்ப உங்க குட்டி பாக்கெட் கத்தியையும் செக்போஸ்ட்ல சொல்லிக் காட்டி, வனத்துறை சரின்னாத்தான் எடுத்துட்டுப் போகணும், வேணாம்னா சந்தோஷமா அங்கயே குடுத்துட்டுப் போங்க. அவங்க காவல் காக்குற காடு அது, அந்த மரியாதைய நாம குடுத்தே ஆகணும். வெட்டுற வேலை வந்தா கூட வர்ற வழிகாட்டி பாத்துக்குவாரு, அவரு இடுப்புல இருக்குற அரிவாள் முன்னாடி ஆன்லைன்ல வாங்குன எந்தக் கத்தியும் நிக்காது. இளநி சீவுறதுல ஆரம்பிச்சு உண்ணிச் செடிப் புதர விலக்குறது வரைக்கும் நம்ம ஊரு மண்ணுக்குன்னு பொறந்த ஆயுதம் அது.

ஊருக்குள்ளயும் ஆயுதச் சட்டம் இருக்கு. வீட்டு வேலைக்கு, விவசாயத்துக்குன்னு செஞ்சது தவிர, பிளேடு 9 இன்ச் நீளத்துக்கு மேலயோ 2 இன்ச் அகலத்துக்கு மேலயோ போற கத்தி அந்தச் சட்டத்தோட ஆயுதப் பட்டியல்ல வந்துடும். பாக்கெட் கத்தி அதுக்குக் கிட்டயே வராது. ஆனா பிளைட்ல கைப்பையில வச்சா பிடுங்கிடுவாங்க, செக்-இன் பேக்ல போடுங்க.

அடுத்து சொல்லப்போறத தயவுசெஞ்சு கவனமா கேளுங்க. பாம்பு கடிச்சா கத்திய எடுக்காதீங்க. கடிவாயக் கீறி ரத்தத்த வெளியேத்துறதுங்கிற பழக்கம் இன்னும் இருக்கு, டாக்டருங்க எல்லாருமே வேணாம்னு சொல்ற காரியம் அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், எது கடிச்சாலும் கீறுறதால விஷம் வெளிய வராது, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில ரத்தம் உறையாமப் போறதால கீறுன இடத்துல ரத்தம் நிக்காம ஓடும். இறுக்கிக் கட்டவும் கூடாது, வாய் வச்சு உறியவும் கூடாது. மோதிரம், வாட்ச், கொலுசு எதுவா இருந்தாலும் கழட்டிட்டு, கடிபட்ட கைய கால அசையாம வச்சு, 108க்கு அடிச்சு, விஷமுறிவு மருந்து இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்த நேரத்துல கத்தரிக்கோலுக்கு ஒரே ஒரு வேலை உண்டு, பேண்ட்டோ சட்டைக் கையோ இறுக்கமா இருந்தா வெட்டி விடுறது. அட்டை கடிச்சாலும் கத்தி வேணாம், நகத்த தோலோட ஒட்டி வச்சு தள்ளி விட்டா விட்டுடும். முள்ளு ஏறுனா கத்தியோட பக்கத்துல சொருகியிருக்குற சாமணம் போதும்.

கத்தி போதும்னு சொல்றேன், ஆனா கத்தி மட்டும் போதும்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. 2003ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ஏரன் ரால்ஸ்டன்னு ஒருத்தர் தனியா ஒரு குறுகலான பாறை இடுக்குல இறங்குனப்ப, பெரிய பாறை உருண்டு அவரோட வலது கைய நசுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அஞ்சு நாளுக்கு மேல அப்படியே கெடந்தாரு, கையில இருந்தது மழுங்கிப்போன மட்டமான மல்டிடூல், கடைசில தன் கை எலும்ப தானே ஒடிச்சு, அந்த மழுங்குன பிளேடால கைய அறுத்து வெளிய வந்து பொழைச்சாரு. கூரான நல்ல கத்தி இருந்தா நல்லா இருந்திருக்கும்தான், ஆனா எங்க போறேன்னு அவர் யார்கிட்டயும் சொல்லிட்டுப் போகல, அதுதான் பெரிய விஷயம். நம்ம தேனி மாவட்டம் குரங்கணியில 2018 மார்ச்சுல காட்டுத்தீயில 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அத நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல. வனத்துறை அனுமதி, காட்டோட நிலவரம், பாதை தெரிஞ்ச ஆளு, ரெண்டு டார்ச், தண்ணி, விசில், இதெல்லாம் முன்னாடி, கத்தி அதுக்கு அப்புறம்தான்.

எங்க இந்தக் கத்தி போதாதுன்னா, குறடு தேவைப்படுற இடத்துல. சைக்கிள்லயோ பைக்லயோ தூரமா போறவங்களுக்கு நட்டு பிடிக்கணும், கம்பி முறுக்கணும். அமெரிக்காக்காரர் டிம் லெதர்மேன் 1975ல ஒரு பழைய ஃபியட் கார்ல ஐரோப்பா சுத்துனப்ப இதே பிரச்சனைதான், பையில கத்தி இருக்கு, குறடு இல்ல. குறடையே நடுவுல வச்சு ஒரு டூல் செஞ்சு 1983ல விக்க ஆரம்பிச்சாரு. வண்டி ஓட்டுறவங்க அந்த மாதிரி வாங்கிக்குங்க, கனத்தப் பத்தி கவலை இல்ல, வண்டிதானே சுமக்குது. நடக்குறவங்களுக்கு தேவையில்ல.

வாங்குறப்ப டூல் எண்ணிக்கையப் பாக்காதீங்க. பிளேட விரிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஆடக் கூடாது. திறக்குறப்பவும் மூடுறப்பவும் டக்குனு சத்தத்தோட போய் உக்காரணும், கொழகொழன்னு இருந்தா ஸ்பிரிங் சரியில்லன்னு அர்த்தம். பிளேடு லாக் ஆகுற மாடலா இல்லையான்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, லாக் இல்லாததுல முனையால குத்துற வேலை கூடவே கூடாது, மடங்குனா விரல்லதான் இறங்கும். சின்னப் பசங்களுக்கு வாங்கிக் குடுக்குறவங்க உக்காந்துகிட்டு வெட்டணும், உடம்புக்கு வெளிப்பக்கமா வெட்டணும், கைமாத்துறப்ப மடக்கிக் குடுக்கணும்னு முதல்ல பழக்கிட்டு அப்புறம் குடுங்க.

மழுங்கவும் விடாதீங்க, மழுங்குன கத்தியில அழுத்தம் ஜாஸ்தி குடுப்போம், அப்பதான் வழுக்கி கையில ஏறும். தெருவுல சாணை பிடிக்கிறவர் வந்தா அரிவாமனையக் குடுங்க, இந்தக் குட்டிக் கத்தியக் குடுக்காதீங்க, அந்தச் சக்கரம் ஒரே சுத்துல பிளேட பாதியாக்கிடும். வீட்டுலயே சின்ன சாணைக்கல்லு ஒண்ணு போதும், இல்லன்னா பீங்கான் கப்ப கவுத்து வச்சா அடியில பளபளப்பு இல்லாத ஒரு விளிம்பு தெரியும், அதுல ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மெதுவா இழுத்தா கூரு திரும்ப வந்துடும். பழம் வெட்டுன பிசுக்கு, மலை மண்ணு போக வெதுவெதுப்பான தண்ணியில திறந்து மூடி அலசி, நல்லா காய வச்சு, மடங்குற இடத்துல ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு வைங்க. இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டதுக்கு நன்றிங்க, வணக்கம்.