புரொபசரும் ஒரு டயரும்

அவைத்தலைவர் அவர்களே, வேலைய விட்டுட்டு வந்திருக்குற போக்குவரத்துத் துறை ஐயா அவர்களே, முன் வரிசைப் பெரியவங்களே, மைக்செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி, போன வருஷமும் இதே கலர்தான் போட்டீங்க, பரவால்ல. பிரான்ஸ் நாட்டு ரேஸ் டிரைவர் அலான் ப்ரோஸ்ட் பத்தி மூணு விஷயம் சொல்லப்போறேன்: அவரு ஓட்டுன விதம், அவரு புகழ், அப்புறம் பிரேசில் டிரைவர் அயர்டன் சென்னாவோட சண்டை.

1985, 86, 89, 93ன்னு நாலு தடவ உலக சாம்பியன், ஃபார்முலா ஒன்ல 51 ரேஸ் ஜெயிச்சவரு. ஆனா ஓட்டுறத பாத்தா வேகமா போற மாதிரியே இருக்காது, பிரேக்கையும் டயரையும் மிச்சம் புடிச்சே ஓட்டுவாரு, அதான் 'புரொபசர்'னு பட்டப்பேரு. பதறாத காரியம் சிதறாது!

புகழுக்கு வரேன். 1982, சொந்த நாட்டு கிராண்ட் பிரீ ரேஸ், ரெனோ டீம்ல இவரும் ரெனே ஆர்னூவும். புள்ளில முன்னாடி இருக்குற ப்ரோஸ்டுக்கு வழி விடணும்னு டீம்ல பேச்சு, போர்டு கூட காட்டுறாங்க, ஆர்னூ கண்டுக்கவே இல்ல, ஜெயிச்சிட்டாரு. இவரு ரெண்டாவது. இவரு கோவத்த வெளில சொல்லப்போக, ஜனம் பூரா ஆர்னூ பக்கம். வீட்டுக்குப் போற வழில பெட்ரோல் பங்க்ல நிறுத்துறாரு. பங்க்காரரு பாத்தாரு, ஆர்னூன்னே நெனச்சிட்டாரு! சரியா செஞ்சீங்க சார்னு பாராட்டுறாரு, கூடவே அந்த ப்ரோஸ்டுக்கு கண்டபடி திட்டு. யாருகிட்ட? ப்ரோஸ்டுகிட்டயே! நம்மாளு என்ன பண்ணாரு தெரியுமா? கார்டு குடுத்தா பேரு தெரிஞ்சிரும்னு, பேசாம காசா எண்ணிக் குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டாரு. நானா இருந்தா அங்கயே சண்ட போட்டிருப்பேன். பதறாத காரியம் சிதறாது, பாத்தீங்களா.

இப்ப நான் ஊர் ஊரா கத்துற விஷயத்துக்கு வரேன். 1986, ஆஸ்திரேலியால அடிலெய்டு, அந்த வருஷத்து கடைசி ரேஸ். இங்கிலாந்து டிரைவர் மேன்செலுக்கு மூணாவது எடம் வந்தாலே பட்டம். ப்ரோஸ்டுக்கு நடுவுலயே பஞ்சர், உள்ள வந்து டயர் மாத்திட்டாரு. கழட்டுன டயர பாத்துட்டு, மத்தவங்க டயரு கடைசி வரைக்கும் தாங்கும்னு டயர் கம்பெனிக்காரங்க சொல்றாங்க. நம்பி ஓட்டுன மேன்செலுக்கு நேர்ரோட்டுல பின் டயர் டமார்! பயந்துபோய் அதே டீம்ல ஓட்டுன பிக்கேவ உள்ள கூப்பிட்டு டயர் மாத்துனாங்க, பஞ்சர் ஆனவரு ஜெயிச்சு சாம்பியன் ஆயிட்டாரு.

தாங்கும் தாங்கும்னுதானே நாமளும் மொட்ட டயர்ல புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்புறோம்? போக்குவரத்து ஐயா இருக்கும்போதே கேக்குறேன், ஸ்கூல் வேனுக்கு மாசாமாசம் டயர் செக் பண்ண ஒரு வழி பண்ணுங்க, மனு உங்க கார் டிரைவர்கிட்டயே குடுத்திருக்கேன்.

சென்னா சண்டை பாக்கி. தலைவர் வாட்ச்ச பாக்குறாரு, அடுத்த கூட்டத்துல. நான் வந்த வேன் வாசல்ல நிக்குது, பின் டயர்ல ஒரு ரூபா காச வெச்சேன், பள்ளத்துல எறங்கவே இல்ல, நான் பஸ்ல போயிக்கிறேன்.