மலையிலேயே வாழ்ந்தவர்கள் கடற்கரையில் ஒரு மாதம் தங்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். பணி ஓய்வு பெற்ற அவருடைய பெற்றோர் பனிக்காலத்தில் முழங்கால் வலியால் அவதிப்படுகிறார்கள். ஜனவரி முழுவதும் அவர்களைக் கேரளத்தில் வர்க்கலாவில் தங்கவைக்கலாமா, இல்லை பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் மே மாதத்தில் எல்லோருமாகப் போவது நல்லதா என்பது அவருடைய சந்தேகம்.

ஜனவரியில் தாராளமாகப் போகலாம். ஆனால், இரண்டு நாள் சுற்றுலாவுக்குக் கடல் ஒன்றே போதும். ஒரு மாதம் தங்குபவர்கள் கடலில் நிற்பதோ நாளுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. மீதிப் பொழுது எப்படிப் போகும் என்பதைத்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

முதலில் அறை. வர்க்கலாவில் செம்பாறைக் குன்று செங்குத்தாகக் கடலோரம் வரை வந்து நிற்கிறது. விடுதிகளில் பல அந்தக் குன்றின் மேல் இருப்பதால், மணலுக்கு இறங்கவும் ஏறவும் படிக்கட்டுதான். முழங்கால் வலி உள்ளவர்கள், ஜனார்த்தன சுவாமி கோயிலையொட்டிச் சாலையே கடற்கரைக்கு இறங்கும் பாபநாசம் பக்கமாகத் தங்குவது நல்லது. காட்சி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. சமையலறையோடு கூடிய வீடாகவும் இருக்கட்டும், ஏனென்றால் ஓட்டல் சாப்பாடு பத்து நாளுக்கு மேல் எந்த வயிற்றுக்கும் ஒத்துவராது. குக்கர் விசிலை மட்டும் நம் ஊர்க் கணக்கில் விடாதீர்கள். கோத்தகிரியின் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 100 டிகிரி வரை சூடேறும் என்பதால் பருப்பும் அரிசியும் அங்கே சீக்கிரமே வெந்துவிடும். காய்கறிக்குப் பஞ்சமில்லை. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக நம் கேரட்டும் பீன்ஸும் கேரளத்துக்குத்தானே போகின்றன!

அடுத்தது வெப்பம். ஜனவரியில் பகலில் 32 டிகிரியை ஒட்டி இருக்கும். நம்மைச் சோர்வடையச் செய்வது வெயிலை விடக் காற்றிலுள்ள ஈரம்தான். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும், அங்கே அது எளிதில் உலராது. உடல் இதற்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரை பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை வெளியே போகாமல் இருப்பது நல்லது. தாகம் எடுத்தால்தான் தண்ணீர் என்ற மலைப் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ, நீர் பிரிவதற்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

துணி விஷயம் சிறியதுதான், ஆனால் அன்றாடம் எரிச்சலூட்டும். கடலில் நனைந்த துண்டை நல்ல தண்ணீரில் அலசாமல் கொடியில் போட்டால், பகலில் காய்ந்ததுபோல் விறைத்து நிற்கும். இரவில் அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி பிசுபிசுக்கும்.

கடலில் இறங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வயதானவர்கள் முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம். அங்கேயும்கூட, திரும்பிப் போகும் அலை குதிகாலுக்குக் கீழிருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும்போது கால் சட்டென்று தடுமாறும், ஆகையால் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இளையவர்கள் அறிய வேண்டியது வேறு. கரையேறிய தண்ணீர் ஒடுங்கிய தடமாகச் சேர்ந்து வேகமாகக் கடலுக்குத் திரும்பும் இடங்கள் உண்டு. அங்கே அலை உடையாது என்பதால், புதிதாக வருபவர்களுக்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும். அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. உயிர்காப்பாளர் சொல்வதே முடிவு.

மே மாதத்தைப் பொறுத்தவரை, மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்கு அஞ்சி நாம் ஊரைவிட்டுக் கிளம்ப நினைப்பது நியாயம்தான். ஆனால் அங்கே அப்போது புழுக்கம் கடுமையாக இருக்கும். ஜூன் தொடக்கத்தில் பருவமழை வரும் வேளையில் கடலும் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். பெற்றோர் ஜனவரியிலேயே போகட்டும். பிள்ளைகள் பொங்கல் விடுமுறையில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். கோயம்புத்தூரிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் ரயில்கள் பல வர்க்கலாவில் நிற்கின்றன. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். பொங்கல் சமயத்து இடங்கள் வெகு விரைவில் நிரம்பிவிடும் என்பதால் நவம்பரிலேயே பதிவு செய்துவிடுங்கள்.